மாவனல்லையில் வீழ்ந்த காவலன்

1864ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆந் தேதி, கேகாலைப் பகுதியிலுள்ள மாவனல்லையில் ஒரு வீட்டைச் சூழ்ந்து நின்ற பொலிசாருள் ஒருவர் உள்ளிருந்து பாய்ந்த குண்டுக்கு இரையாயினார். அவர் பெயர் துவான் சபான், பதவி கான்ஸ்டபிள், குலத்தால் மலாயர். கடமையிலிருக்கும்போது உயிர் நீத்த முதல் இலங்கைப் பொலிஸ் வீரர் என இலங்கைப் பொலிஸ் திணைக்களம் இவரையே கொள்கின்றது. ஆண்டுதோறும் மார்ச்சு 21ஆந் தேதி பொலிஸ் வீரர் தினமாக அனுட்டிக்கப்படுவதும் இவர் பொருட்டே. ஆயினும், அந்நாளில் அவ்வீட்டினுள் இருந்தவன் பெயரை இலங்கையில் அறியாதார் அரியர். வெளியே வீழ்ந்தவர் பெயரை அறிந்தார் மிகச் சிலர். இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று என்பது ஆராயத்தக்கது.

உள்ளே இருந்தவன் உதுவன்கந்தைச் சரதியேல். அவனைப் பற்றிக் கூறுமுன் அவன் வாழ்ந்த வழியைப் பற்றிக் கூறல் வேண்டும். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெரு தேசாதிபதி எட்வேட் பான்சு காலத்தில் அமைக்கப்பட்டது. கடுகண்ணாவைக் கணவாயில் நிற்கும் கோபுரம், அத்தெருவை வகுத்த பொறியியலாளர் டோசனை இன்றும் நினைவூட்டுகின்றது. மாவனல்லையில் மகா ஓயாவைக் கடக்கும் வளைவுப் பாலம் 1833இல் முற்றுப்பெற்றது. கண்டி நாட்டை அடக்கி ஆளும் நோக்கத்தோடு போடப்பட்ட இத்தெரு, சில ஆண்டுகளுள் கோப்பித் தெருவாக மாறியது. மலைநாட்டுத் தோட்டங்களின் கோப்பி மாட்டு வண்டிகளிற் கொழும்புக்கு இறங்கியது; அரிசியும் துணியும் சாராயமும் காசும் அதே வண்டிகளில் ஏறின. புகைவண்டி கண்டியை அடைந்தது 1867இலேயாம். அதுவரையும் மலைநாட்டின் செல்வமனைத்தும் காளைகளின் நடைவேகத்திலேயே சென்றது. மாவனல்லைக்கு அருகே தெருவை நோக்கி எழுந்து நிற்கும் பாறைக் குன்றே உதுவன்கந்தை. மேலே இருப்பவன் கண்ணுக்குக் கீழே செல்லும் வண்டி தப்பாது. கொள்ளைக்காரன் ஒருவன் தோன்றுவதற்கு இதனினும் ஏற்ற இடம் வேறு வேண்டுமோ?

சரதியேல் பிறந்தது 1832இல். அவனுடைய கூட்டத்தில் சிங்களவரும் சோனகரும் கலந்திருந்தனர். அவர்களுள் இளமை தொட்டே அவனுக்கு உற்ற தோழனாயிருந்தவன் மம்மலி மரிக்கார். சிறு களவுகளில் தொடங்கிய கூட்டம் நாளடைவிற் பெருந்தெருவையே தன் ஆணைக்குள் வைத்திருந்தது. கொலைகளும் அவன் கணக்கில் எழுதப்பட்டன. அவனைப் பிடித்துத் தருவோருக்கு அரசாங்கம் பரிசு அறிவித்தது. செல்வரிடம் பறித்து வறியவருக்கு ஈந்தான் என்பது அவனைப் பற்றிய கதையின் உயிர்நிலை. ஆங்கிலேயர் தம் நாட்டு இராபின் ஊட்டோடு அவனை ஒப்பிட்டதும் இதனாலேயே. இக்கதையில் உண்மை எத்துணை, கற்பனை எத்துணை எனப் பிரித்தல் எளிதன்று. தெருவிற் பறிக்கப்பட்ட சரக்குப் பெரும்பாலும் வணிகருக்கும் தோட்டத் துரைமாருக்கும் உரியதே. ஆனால் வண்டியை ஓட்டி வந்தவன் கூலிக்காரன். இரவில் அக்குன்றின் அடியிற் செல்லும்போது அவன் கொண்ட அச்சத்தை எக்கதையும் கூறவில்லை.

21ஆந் தேதி நடந்தது சுருக்கமானது. சரதியேலும் மரிக்காரும் மாவனல்லையில் ஒரு வீட்டில் தங்கியிருக்கின்றனர் என உளவு கிடைத்தது. பொலிசார் வீட்டைச் சூழ்ந்தனர். உள்ளிருந்தோர் சுட்டனர். சபான் மீது பாய்ந்த குண்டு மரிக்காரின் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பது வழங்கிவரும் வரலாறு. பின்னர்க் கேகாலை உதவி அரசாங்க அதிபர் சாண்டர்சு படையினரோடு வந்துசேர, இருவரும் பிடிபட்டனர். கண்டியில் விசாரணை நடந்தது. அதே ஆண்டு மே மாதம் 7ஆந் தேதி இருவரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். குண்டு பாய்ந்த நாளுக்கும் கயிறு இறுகிய நாளுக்குமிடையே ஏழு வாரம் கூட நிரம்பவில்லை.

தூக்குமரத்தோடு சரதியேலின் கதை முடியவில்லை; அங்கேதான் தொடங்கிற்று என்னலாம். சிங்கள மக்களிடையே அவன் ‘சூர’ என்னும் அடைமொழி பெற்றான். கதைகளிலும் நாடகங்களிலும் பின்னர்த் தொலைக்காட்சியிலும் புகுந்தான். அவன் உலவிய குன்றின் சாரலில் அவன் காலத்துக் கிராம வாழ்க்கையைச் சிலைகளாற் காட்டும் ‘சரதியேல் கிராமம்’ ஒன்றும் எழுந்தது. கண்டிக்குச் செல்வோர் அங்கே இறங்கிப் பார்த்துச் செல்கின்றனர். அவனைக் கொண்டாடுவதில் ஒருவகை நியாயமும் உண்டு. 1815இல் தம் அரசை இழந்து, 1818இலும் 1848இலும் கிளர்ந்தெழுந்து அடக்கப்பட்ட கண்டி நாட்டுக் குடிகள், அந்நியன் போட்ட தெருவில் அந்நியன் பொருளைப் பறித்தவனைக் கள்வன் என்று மட்டும் கருதியிருப்பரென எதிர்பார்த்தல் கூடுமோ?

இனி, சபான். அவரைப் பற்றி மக்கள் வழங்கும் கதை யாதுமில்லை. சரதியேலின் கதையில் இறுதி அத்தியாயத்தில் ஒரு வரியாகவே அவர் வருகின்றார். அவ்வரியும் அவர் வீழ்வதற்காகவே எழுதப்பட்டது. கொன்றவனின் புகழாலேயே கொல்லப்பட்டவரின் பெயர் நிலைத்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அவர் பிறந்த சமூகம் சிறிதாயினும் நெடிய வரலாறுடையது. ஒல்லாந்தர் காலத்தில் யாவாவிலிருந்தும் அதைச் சூழ்ந்த தீவுகளிலிருந்தும் போர்வீரராயும் நாடு கடத்தப்பட்டவராயும் இலங்கைக்குக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்களே இந்நாட்டு மலாயர். ‘துவான்’ என்பது அவர்கள் ஆடவர் பெயருக்கு முன் வழங்கும் மரியாதைச் சொல். ஆங்கிலேயர் அவர்களைக் கொண்டே தனிப் படை திரட்டினர். இலங்கைத் துப்பாக்கிப் படையின் முதுகெலும்பாக விளங்கியோர் மலாயர். 1873இல் அப்படை கலைக்கப்பட்டபோது பலர் பொலிசிலும் தீயணைப்புப் படையிலும் சேர்ந்தனர். ஆயினும் வாள் பிடித்த குலம் என்பதோடு அவர்களை விட்டுவிடல் பொருந்தாது. சபான் இறந்து ஐந்தாண்டு கழித்து, 1869இல், ‘அலாமத் லங்காபுரி’ என்னும் மலாய்ப் பத்திரிகையைக் கொழும்பிலே தொடங்கியவர் பாபா யூனுசு சல்தீன். உலகில் மலாய் மொழியில் வெளிவந்த மிகப் பழைய பத்திரிகைகளுள் அது ஒன்று. தமிழர் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு: இலங்கை மலாயர் பேசும் மொழி, சொல்லால் மலாயாயினும் வாக்கிய அமைப்பில் தமிழைப் பெரிதும் ஒத்தது. தமிழ் பேசும் சோனகரோடு பல தலைமுறை கலந்து வாழ்ந்ததன் பயன் அது. அன்று மாவனல்லையில் சுட்டவனும் வீழ்ந்தவரும் ஒரே தொழுகையை உடையவர். இது சமயப் போரன்று; இனப் போருமன்று. பிற்காலத்தில் இந்நாட்டிற் சிந்திய இரத்தத்தை எண்ணுங்கால் இவ்வுண்மை சற்று ஆறுதல் தருவது.

அக்காலப் பொலிசு எத்தகையது? நகரங்களிற் சிறு பொலிஸ் படைகள் இருந்தன. நாட்டுப்புறத்திற் காவல் கிராமத் தலைவரிடமே இருந்தது. 1806இல் ஏற்பட்ட ஒழுங்கின்படி கிராமந்தோறும் பொலிஸ் விதானைமார் நியமிக்கப்பட்டனர். யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த விதானை, 1963இல் கிராம சேவகர் முறை வரும்வரை, இம்மரபின் தொடர்ச்சியாகவே வாழ்ந்தார். விதானை ஊரவர், ஊரின் வழக்கும் பகையும் உறவும் அறிந்தவர். கான்ஸ்டபிளோ வேற்றிடத்திலிருந்து சம்பளத்துக்கு வந்தவர். கண்டி நாட்டுக் கிராமத்தான் கண்ணுக்கு அவர் அந்நிய அரசின் கையாகவே தோன்றினார். மலாயர் என்பதால் அவ்வேற்றுமை இன்னும் மிகுந்தது. சபான் வீழ்ந்த மறு ஆண்டே 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு செப்டெம்பர் 3ஆந் தேதி, பம்பாய் மாகாணத்திலிருந்து அழைக்கப்பட்ட கம்பெல் என்னும் இளைஞர் பொறுப்பேற்று, நாடு முழுதுக்குமான பொலிஸ் சேவையை அமைக்கலானார். சரதியேல் விவகாரமே இச்சீர்திருத்தத்தைக் கொணர்ந்தது எனச் சொல்வது மிகை. கோப்பிச் செல்வம் பெருகப் பெருகக் காவலும் பெருக வேண்டியிருந்தது என்பதே அடிப்படைக் காரணம். எனினும், ஒரு கொள்ளைக் கூட்டத்தைப் பிடிக்கப் படையை அழைக்க வேண்டிவந்த நிலை ஆள்வோரை உறுத்தாதிருந்திராது.

காவலிலே மாண்டவரை நினைவுகூர்தல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் போரில் வீழ்ந்தானுக்குக் கல் நடும் முறையை, கல்லைத் தேர்வது முதல் வழிபடுவது ஈறாக, ஆறு நிலையாக வகுக்கின்றது. தமிழகத்திற் கிடைத்த நடுகற்களுட் பல, ஆநிரை கவரச் சென்று மாண்டோருக்கும் கவர்ந்த நிரையை மீட்கப் பொருது மாண்டோருக்கும் எடுக்கப்பட்டவை. இங்கு உற்றுநோக்க வேண்டியது யாதெனின், கவர்ந்தவனுக்கும் கல் உண்டு, மீட்டவனுக்கும் கல் உண்டு என்பதே. வெட்சி சூடியவனையும் கரந்தை சூடியவனையும் பழந்தமிழர் ஒரே தட்டில் வைத்துப் போற்றினர். செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூரிற் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுக் கல்லொன்றில், வீரன் அருகே அவனது நாயும் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து நின்றது எனக் கல்வெட்டுக் கூறுகின்றது. காவல் காத்த நாயின் பெயரை ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் ஒரு சிற்றூர் கல்லிற் காத்துவைத்தது! அவ்வீரனும் அந்நாயும் அவ்வூரின் நிரையைக் காத்தமையே அதன் காரணம். மாவனல்லையிலே சரதியேல் வெட்சி மறவன் ஆனான். சபான் கரந்தை மறவன் ஆகவில்லை. அவர் மீட்கச் சென்ற நிரை அவ்வூராருடையதன்று என ஊரார் எண்ணினர் போலும்.

ஆகவே சபானை நினைவில் இருத்தும் கடமை ஊரை விட்டுப் பொலிசாரையே சார்ந்தது. கொழும்பு பம்பலப்பிட்டியிலுள்ள பொலிஸ் களப்படைத் தலைமையகத்து நினைவுத்தூபியின் முன் மார்ச்சு 21இல் விழா நடந்து வந்துள்ளது. பொலிஸ் மா அதிபர் மலர் வளையம் வைப்பதும், அணிவகுப்பும், உயிர் நீத்தோர் குடும்பத்தினர் வருகையும் அதன் கூறுகள். அண்டை நாடான இந்தியாவின் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். 1959 அக்டோபர் 21இல் இலடாக்கின் ஆட்சுபிரிங்சு என்னுமிடத்தருகே, முன்னாள் வேவு பார்க்கச் சென்று திரும்பாத தோழரைத் தேடிச் சென்ற இந்தியப் பொலிசார் மீது சீனப் படையினர் குன்றின் மேலிருந்து சுட்டனர். பதின்மர் மாண்டனர். அவர்தம் உடல்கள் நவம்பர் 13இலேயே திருப்பித் தரப்பட்டன, அப்பனிவெளியிலேயே எரியூட்டப்பட்டன. 1960 சனவரியில் மாநிலப் பொலிஸ் தலைவர்கள் கூடி அந்நாளை நாடெங்கும் நினைவு நாளாக்கினர். 2018இல் புதுதில்லியில் தேசியப் பொலிஸ் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டபோது, அதன் சுவரில் விடுதலைக்குப் பின் மாண்ட 34,844 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. எல்லையிலே அயல் நாட்டான் சுட்ட காவலனுக்கு நாடு முழுதும் தடையின்றிக் கண்ணீர் சிந்த இயன்றது. இலங்கையின் நினைவு நாளோ, மக்கள் போற்றும் ஒருவனின் கூட்டத்தாற் கொல்லப்பட்டவரின் நாள்.

சபானுக்குப் பின் பட்டியல் நீண்டது. 1971 ஏப்ரில் 5ஆந் தேதி விடியலில் வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது முதல், மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சியிற் பல நிலையங்கள் தாக்குண்டன. 1990 சூன் 11இல் கிழக்கு மாகாணத்தில் மேலிடத்துக் கட்டளைக்கு இணங்கி ஆயுதம் ஒப்படைத்துச் சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கானோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். சரணடைந்தவனைக் கொல்லல் எந்த அறநூலிலும் இல்லாதது; அதைச் சொல்லத் தமிழ் உலகம் தயங்கிய காலமும் இருந்தது. இன்று பட்டியலில் உள்ளோர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

தயக்கத்துக்குக் காரணமும் இல்லாமலில்லை. வடகிழக்குத் தமிழர் பொலிசை எந்நிலையிற் கண்டனர் என்பதை மறைத்து இவ்வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது. 1974 சனவரி 10இல் யாழ்ப்பாணத்தில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளிற் கூடிய மக்கள் மீது பொலிசார் பாய்ந்தபோது உயிர்கள் பலியாயின. 1981 மே 31இல் யாழ்ப்பாணத்தில் நடந்த தேர்தற் கூட்டமொன்றில் காவலுக்கு நின்ற பொலிசார் சுடப்பட்டனர், இருவர் இறந்தனர். அன்றிரவு தொடங்கிய வெறியாட்டத்தில், பொலிசாரும் பங்குகொண்டிருக்க, யாழ்ப்பாணப் பொது நூலகம் தன் 97,000 நூல்களோடு எரிந்தது. நூலகத்தை யாழ்ப்பாணம் மறக்கவில்லை. கூட்டத்துக்குக் காவலாய் நின்று வீழ்ந்த இருவரை நினைப்பார் எவருமில்லை. அவர்கள் நெருப்பிட்டவர்களல்லர், நெருப்புப் பற்றுமுன்பே வீழ்ந்தவர்கள். ஆயினும் அச்சாம்பல் அவர்கள் பெயரையும் மூடிற்று. பழிவாங்கப் புறப்பட்டோர், தம் தோழரின் நினைவையே முதற்கண் அழித்தனர்.

போர் ஓய்ந்த பின்னும் கான்ஸ்டபிள்மார் மாண்டனர். 2018 நவம்பர் 30ஆந் தேதி மட்டக்களப்பு வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரவுக் காவலில் நின்ற இருவர் கொல்லப்பட்டனர். ஒருவர் சிங்களவர், மற்றவர் கிழக்கு மாகாணத்துத் தமிழர். பழி உடனே முன்னாட் போராளி ஒருவர் மேல் விழ, அவர் சிறை புகுந்தார். 2019 ஏப்ரில் 21 உயிர்த்த ஞாயிற்றுத் தாக்குதலை நடாத்திய கூட்டத்தாரே அக்கொலையையும் செய்தனர் என்பது பின்னர் வெளிப்பட்டது, சிறையிலிருந்தவர் விடுவிக்கப்பட்டார்.

அதற்கு ஓராண்டு முன் நல்லூரில் நிகழ்ந்தது வேறு வகையானது. 2017 சூலை 22ஆந் தேதி யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியன் வாகனத்திற் சென்றுகொண்டிருந்தார். நல்லூர்க் கோவிலருகே தெருச் சந்தியில் நெரிசலைத் தீர்க்க இறங்கிய அவருடைய மெய்க்காவலரின் துப்பாக்கியை ஒருவன் பறித்துச் சுட்டான். சிலாபத்தைச் சேர்ந்த சிங்களவரான அச்சார்ஜன்ட், பல்லாண்டு நீதிபதியின் நிழலாய் இருந்தவர். மறுநாள் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையில் உயிர் நீத்தார். 1983இன் நினைவால் இருண்ட அதே சூலை 23ஆந் தேதி. அன்று நீதிபதி அவருடைய மனைவியின் காலடியில் வீழ்ந்து கதறியழுத காட்சியைப் பத்திரிகைகள் வெளியிட்டன. நீதிபதியின் கண்ணீரோடு யாழ்ப்பாணமும் அழுதது. ஆணையிட்டு நடாத்திய துக்கமன்று அது. எந்தத் திணைக்களத்தின் நாட்குறிப்பிலும் இல்லாதது. அவர் காத்த நீதிபதி ஊராருக்குத் தெரிந்தவர். அவர் வீழ்ந்த சந்தி ஊரார் நாள்தோறும் கடக்கும் சந்தி. நீதிபதி சிலாபத்துக்குச் சென்று இறுதிச் சடங்கிற் கலந்துகொண்டார். இறந்தவரின் பிள்ளைகளைத் தம் பொறுப்பாக ஏற்பதாகவும் கூறினார்.